அணங்கு, நிலம், இறை: 'சைலண்ட் ஹில் 2' கணினி விளையாட்டில் அச்ச மெய்ப்பாடு

முன்னுரை

அச்சத்தைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்பு எதனால் அச்சுறுத்துகிறது என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கணமரபு ஒரு விடையை வகுத்து வைத்துள்ளது. அச்சம் தோன்றும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கூற்று. இப்பகுப்பு சங்கப் பாடல்களுக்கும் காப்பியங்களுக்கும் பலமுறை பொருத்திக் காட்டப்பெற்றுள்ளது. திணைக்கோட்பாட்டு ஆய்வு நாவலையும் திரைப்படத்தையும் தொட்டுள்ளது. கணினி விளையாட்டு என்னும் வடிவத்தின் வாயிலில் அது தயங்கி நிற்கிறது.

உலகெங்கும் 'சர்வைவல் ஹாரர்' எனப்படும் விளையாட்டு வகை இக்கட்டுரையின் களமாகும். இதனைப் 'பிழைத்தல்சார் அச்ச விளையாட்டு' எனலாம். ஆடுபவர் வலிமை குன்றிய ஒரு மாந்தராக, போதிய படைக்கலமோ வெளிச்சமோ இன்றி, அச்சந்தரும் இடமொன்றில் வழிதேடிப் பிழைக்க வேண்டும் என்பது இதன் பொது அமைப்பு. 1989இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்', 1992இல் பிரான்சில் உருவான 'அலோன் இன் த டார்க்' ஆகியவை இதன் முன்னோடிகள். 1996இல் வந்த கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில்' இவ்வகைக்குப் பெயரையும் தந்து அதனை நிலைநிறுத்தியது. கொனாமி நிறுவனம் 1999இல் 'சைலண்ட் ஹில்' என்னும் ஆட்டத்தையும் 2001இல் அதன் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டது. அவ்விரண்டாம் பகுதியே இங்கு முதன்மையாக ஆராயப்படுகிறது.

இத்தகைய ஆய்வுக்கு இரு தடைகள் உண்டு. விளையாட்டு சிறார்க்குரியது, ஆய்வுக்குரியதன்று என்பது ஒன்று. 'இவையெல்லாம் நம் நூல்களில் முன்பே உள்ளன' என்னும் பெருமிதம் மற்றொன்று. முன்னது இத்துறையில் தமிழாய்வு நுழையாமல் தடுக்கும்; பின்னது நுழைந்த ஆய்வைப் பயனற்றதாக்கும். ஒரு கோட்பாடு உயிருடன் உள்ளதா என்பதை அறிய, அது தன் காலத்தில் இல்லாத ஒரு பொருளை விளக்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். அதனினும் மேலாக, அப்பொருளுள் நல்லதையும் அல்லதையும் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்த்தல் வேண்டும். பிரித்துக் காட்டவில்லையெனில் அது கோட்பாடன்று, பெயர்ப்பட்டியலே.

உய்ப்போனும் காண்போனும்

மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர், இன்று கிடைக்காத செயிற்றியம் என்னும் நூலை மேற்கோளாகக் காட்டுகிறார். உய்ப்போனிடத்து நிகழ்வது காண்போனைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்பது அதன் கருத்து. கூத்தை மனத்திற்கொண்டு எழுந்த விளக்கம் இது. ஆடுகளத்தில் ஒருவர், எதிரே ஒருவர் என இருவர் இதற்கு வேண்டும். இருவர்க்கும் இடையே தொலைவும் உண்டு. புலியைக் கண்டு நடுங்குவோனுக்கு நேர்வது அச்சம். அவன் நடுக்கத்தைக் காண்போனுக்கு நேர்வது அச்சமாகவே இருக்க வேண்டுவதில்லை. இரக்கமாகலாம், நகையுமாகலாம். திரைப்படம் பார்க்கும் அவையில் அச்சக்காட்சியின்போது எழும் சிரிப்பை யாவரும் அறிவர்.

கணினி விளையாட்டில் இவ்விருவரும் ஒருவராகின்றனர். கதவைத் திறப்பவரும் அதன்பின் உள்ளதைக் காண்பவரும் அவரே. 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கதவு கருந்திரையில் மெல்லத் திறப்பதாகக் காட்டப்படும். அடுத்த அறையை வட்டிலிருந்து படிக்கக் கருவி எடுத்துக்கொள்ளும் நேரத்தை மறைக்க வகுத்த உத்தி இது. எனினும் அதன் பயன் தொழில்நுட்ப எல்லையைக் கடந்தது. திறந்தவர் தாமே என்பதால் அச்சிறு காத்திருப்பின் பொறுப்பும் ஆடுபவருடையதாகிறது. காப்பியத்தில் பக்கத்தைப் புரட்டாமலிருந்தாலும் கதை எங்கோ முடிந்திருக்கிறது. விளையாட்டிலோ ஆடுபவர் நின்றால் கதையும் நிற்கும். 'அவனுக்கு என்ன நேருமோ' என்பதினும் 'இதனை நான் திறக்கத்தான் வேண்டுமா' என்பதே இங்கு எழும் அச்சம்.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. ஆடுபவர் இறப்பதில்லை, இறந்த மாந்தர் மீண்டும் எழுவார். இழப்பில்லாத இடத்தில் அச்சம் எவ்வாறு நிலைபெறும்? 'ரெசிடென்ட் ஈவில்' கண்ட விடை எளியது, கூரியது. ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறியும் மைநாடாவும் வேண்டும், மைநாடா எண்ணிக்கைக்குட்பட்டது. கிறிஸ் என்னும் மாந்தர் ஆறு பொருள்களையும் ஜில் எட்டுப் பொருள்களையுமே சுமக்க இயலும். மைநாடாவை எடுத்தால் மருந்துக்கோ குண்டுக்கோ இடமில்லை. எனவே இழக்கப்படுவது உயிரன்று, அரைமணி நேர உழைப்பு. இவ்வகை ஆட்டங்களைப் பற்றிப் பெருஞ்சொற்களால் எழுதுவோர் இந்த எளிய உண்மையைக் கூறக் கூசுகின்றனர். பாதுகாப்பறையின் மெல்லிசை கேட்டவுடன் உண்டாகும் நிறைவு இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. 2014இல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' இதனை மேலும் இறுக்கியது. அதில் சேமிக்கும் கருவிமுன் சில நொடிகள் நிற்க வேண்டும், நிற்கும்போதே கொல்லப்படலாம். ஆயினும் ஒரே நடைவழியில் ஐந்தாம் முறை இறந்தபின் அவ்வுயிரி அணங்காக இருப்பதில்லை, விடுவிக்க வேண்டிய கணக்காகிவிடுகிறது. மறுமுறை என்பது அச்சத்தின் பகை. இவ்வகையின் நல்ல ஆட்டங்கள் யாவும் இப்பகையோடு ஏதோ ஒரு வழியில் உடன்பாடு செய்துகொண்டவை.

காண்டலுக்கே விலை வைப்பது அத்தகைய வழிகளுள் ஒன்று. டெக்மோ நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'ஜீரோ' ('ஃபேட்டல் ஃபிரேம்') ஆட்டத்தில் ஒரு பழைய ஒளிப்படக் கருவியே படைக்கலம். பேயை நெருங்கவிட்டு, கண்ணெடுக்காமல் பார்த்துப் படமெடுத்தால்தான் அது வலுவிழக்கும். 2010இல் ஸ்வீடனிலிருந்து வந்த 'அம்னீசியா' இதற்கு நேர்மாறு. அதில் படைக்கலமே இல்லை. இருளில் நின்றால் மனம் சிதையும். கொடிய உருவைப் பார்த்தாலும் சிதையும். விளக்கின் எண்ணெயோ குறைந்துகொண்டே வரும். ஒன்று பார்க்க வற்புறுத்துகிறது, மற்றொன்று பார்க்காதே என்கிறது. இரண்டிலும் கண்ணிமைத்தல்கூட ஆடுபவரின் செயலாகிறது.

நிலம் திரிதல்

பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை விளக்கும். பாலை வேறோர் இடமன்று. நாம் அறிந்த இடத்தின் மற்றொரு நிலை. 'சைலண்ட் ஹில்' ஆட்டங்களின் சூழலமைப்பை விளக்க இதனினும் பொருத்தமான கருத்து இக்கட்டுரையாளர்க்குக் கிடைக்கவில்லை. அவற்றின் களங்கள் பாழ்மாளிகைகளோ கல்லறைகளோ அல்ல. பள்ளி, மருத்துவமனை, அடுக்குக் குடியிருப்பு, ஏரிக்கரை விடுதி ஆகியவையே. முதல் ஆட்டத்தில் அபாயச்சங்கு ஒலிக்க, அதே பள்ளி துருவேறிய இரும்பும் உரிந்த சுவரும் இருளுமாகத் திரிகிறது. அறைகளின் அமைப்பு பெரும்பாலும் அதுவே. வரைபடமும் பெரும்பாலும் பொருந்துகிறது. அறிந்த இடம் அறியாததாகும் இத்திரிபில்தான் அச்சம் ஊறுகிறது. மாளிகையைப் புதிதாகக் கட்டி அதில் பேயைக் குடியேற்றும் ஆட்டங்கள் இப்பயனை எய்துவதில்லை.

பாலையின் சிறுபொழுது நண்பகல் என்பதும் கருதத்தக்கது. அச்சத்திற்குரிய பொழுது நள்ளிரவு என்பது பொதுவழக்கு. பாலையின் அச்சமோ வெட்டவெளியில், வெயிலில் நிகழ்வது. 'சைலண்ட் ஹில் 2' ஆட்டமும் பகற்பொழுதில், மூடுபனியில் தொடங்குகிறது. முதல் ஆட்டத்தின் மூடுபனி, தொலைவுக் காட்சிகளை வரைய இயலாத பிளேஸ்டேஷன் கருவியின் குறையை மறைக்கவும் உதவியது. இரண்டாம் ஆட்டம் வலிமை மிக்க கருவியில் உருவானது; அதன் பின்னும் பனி கைவிடப்படவில்லை. குறையை மறைக்க உதவியது பின்னர் கலையாயிற்று. ஐதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டையின் உட்சாலைகளில் ஞாயிறு நண்பகலில் நடந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இழுத்து மூடிய இரும்புக் கதவுகள், மின்மாற்றியின் ரீங்காரம், ஆளற்ற காவற்கூண்டு. வெளிச்சத்திற்குக் குறைவில்லை. வார நாளில் லாரிகளும் தொழிலாளரும் நெருக்கும் அதே சாலை அது என்னும் நினைவே நடையை விரைவுபடுத்துகிறது.

இதே ஐதராபாத்தில் ஓகர் ஹெட் ஸ்டூடியோ என்னும் நிறுவனம் 2017இல் 'அசுரா' என்னும் ஆட்டத்தையும், புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் 'ராஜி' என்னும் ஆட்டத்தையும் வெளியிட்டன. இரண்டும் இந்தியத் தொன்மங்களிலிருந்து அசுரரையும் அணங்கையும் எடுத்துக்கொண்டவை. எனினும் அவை வெல்லப்படுவதற்குரியனவாக நிறுத்தப்பெற்றன. எனவே விளைவது பெருமிதம், அச்சமன்று. இது குறையன்று, வேறு மெய்ப்பாடு. தொன்மம் கையிலிருந்தால் அச்சம் தானே வரும் என்று எண்ணுவோர்க்காக இங்குச் சுட்டப்படுகிறது.

சக்கரவாளக் கோட்டத்து ஒலி

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை சுடுகாட்டை அறிமுகப்படுத்தும் முறை வியப்புக்குரியது. முதலில் மதில், பிறகு நான்கு வாயில்கள். தேவர் புகும் கொடி வாயில் ஒன்று. வயலும் நீரும் சோலையும் தீட்டப்பெற்றது ஒன்று. வெண்சுதை பூசி, உருவம் எதுவும் எழுதாமல் விடப்பட்டது ஒன்று. பாசமும் சூலமும் ஏந்திய கொடிய உருவம் நிற்பது ஒன்று. அச்சுறுத்தும் உருவம் நான்காம் வாயிலில்தான் வருகிறது. எனினும் நினைவில் நிற்பது மூன்றாம் வாயிலே. அதில் என்ன எழுதப்படவில்லை என்பதைப் படிப்பவர் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒலிகள். துறந்தோர் இறந்தமைக்குத் தொழும் ஓசை, பிறர் இறந்தமைக்கு அழும் ஓசை, சாப்பறை, நரியின் ஊளை, கூகையின் குரல் எனச் சாத்தனார் அடுக்குகிறார். இவை கடலோசை போல ஓயாது நிற்பவை என்றும் கூறுகிறார். ஓயாமை என்னும் இக்குறிப்பு இன்றியமையாதது. திடீரெனக் கிளம்பும் ஒலி திடுக்கிடச் செய்யும். திடுக்கீடு நொடியில் முடியும். ஓயாத ஒலியோ எப்போது மாறும் என்று செவியைக் காக்க வைக்கும். 'சைலண்ட் ஹில் 2' ஆட்டத்திற்கு அகிரா யமவோக்கா அமைத்த ஒலி இத்தகையது. இரும்பு உராய்வும் எந்திர முழக்கமும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் அறைக்குள் நிறைந்திருக்கும். இவற்றோடு, கொடிய உரு நெருங்கும்போது கரகரக்கும் ஒரு கைவானொலியும் உண்டு. எச்சரிக்கை வருகிறது, திசை தெரிவதில்லை. அறிவு கூடுந்தோறும் அச்சம் குறையும் என்பது பொதுவிதி. இங்கு அரைகுறை அறிவு அச்சத்தை வளர்க்கிறது.

காதையில் பேய் எப்போது தோன்றுகிறது? மதிலும் வாயிலும் மன்றங்களும் பிணம் ஒழிக்கும் முறைகளும் கூறி முடித்த பின்னரே சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தமியனாய் உள்ளே நுழைகிறான். அதன் பிறகே தலையொன்றைக் கையிலேந்தி ஆடும் பேய்மகள் வருகிறாள். அதுவும் ஒருத்தியே. பரணியின் பேய்கள் இதற்கு மறுதலை. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களைக் கூட்டங்கூட்டமாகப் பசியோடும் வம்போடும் நிறுத்துகிறார், அச்சம் நகையாகிறது. அவர் அதை வேண்டியே செய்தார். 2012இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 6' வேண்டாமலே அந்நிலையை அடைந்தது. 2024இல் ப்ளூபர் டீம் 'சைலண்ட் ஹில் 2' ஆட்டத்தை மறுவாக்கம் செய்து வெளியிட்டபோதும் இக்குறை ஓரளவு நேர்ந்தது. காட்சியின் நுண்மையும் நடிப்பும் மூலத்தை விஞ்சின. ஆயினும் ஆட்டம் மிக நீண்டு, மோதல்கள் பெருகி, ஒரு கட்டத்திற்குமேல் கை பழகிவிடுகிறது. பழகிய கை அஞ்சுவதில்லை.

நான்காவது களம்

தொல்காப்பியம் கூறும் நான்கனுள் விலங்கும் கள்வரும் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போதுமானவை. 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தின் நடைப்பிணமும் நாயும் விலங்கின்பாற்படும். அணங்கு 'ஜீரோ' ஆட்டத்திற்குரியது. 'தம் இறை' என்பதை மட்டும் அச்சப் படைப்புகளோடு ஒருவரும் பொருத்திப் பார்ப்பதில்லை. அரசர், ஆசிரியர், தந்தை முதலானோரை உரைமரபு இதனுள் அடக்கும். குற்றம் செய்தவன் தண்டிக்கும் உரிமையுடையோனை அஞ்சுதல் இது. ஏனைய மூன்றும் புறத்திலிருந்து வருபவை. அஞ்சுவோன் குற்றமற்றவனாகவும் இருக்கலாம். இறையச்சத்தின் வேரோ அஞ்சுவோனின் செயலிலேயே உள்ளது.

'சைலண்ட் ஹில் 2' ஆட்டம் இந்நான்காம் களத்தில் நிற்பது. ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவன் இறந்துபோன தன் மனைவி மேரியிடமிருந்து கடிதம் பெற்று இவ்வூருக்கு வருகிறான். நோயால் அவள் இறந்து மூன்று ஆண்டுகள் ஆயின என்பது அவன் கூற்று. விடுதியறையில் ஓர் ஒளிப்பதிவு நாடா, நோயுற்றிருந்த அவளைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் அவனே எனக் காட்டுகிறது. ஆட்டம் முழுதும் அவனைத் தொடரும் கூம்புத்தலை உருவம் கொலைத்தண்டம் நிறைவேற்றுவோனின் சாயலில் அமைந்தது. தனக்குத் தண்டனை வழங்க ஒருவன் தேவைப்பட்டதால் அவ்வுருவை வேண்டினேன் என்று ஜேம்ஸ் இறுதியில் உணர்கிறான். அதன்பின் நிகழும் மோதலின் முடிவில், தண்டிக்க வந்த அவ்வுருக்கள் தம்மைத் தாமே குத்திக்கொண்டு மாய்கின்றன. இறை தேவையற்றுப் போயிற்று. தொல்காப்பிய இறை புறத்தே அமைந்த உரிமையாளன். இங்குள்ள இறையோ குற்றவாளியே படைத்துக்கொண்டவன். இவ்வேறுபாட்டை மறைத்தல் தகாது. பொய்த்தவனை அவன் நெஞ்சமே வருத்தும் என்னும் குறட்கருத்து இவ்விடத்தில் இரண்டையும் இணைக்கும் பாலமாகலாம்.

இந்நிலையில் நிலத்திரிபும் வேறு பொருள் பெறுகிறது. லாரா என்னும் எட்டு வயதுச் சிறுமி அதே ஊரில் அச்சமின்றித் திரிகிறாள். ஏஞ்சலா என்னும் பெண்ணுக்கோ படிக்கட்டு எப்போதும் தீப்பற்றி எரிகிறது. முதற்பொருள் ஒன்று, உரிப்பொருள் ஆளுக்கொன்று. பாலையில் நடக்கும் தலைவனுக்கும் வீட்டிலிருந்து அதனை எண்ணும் தலைவிக்கும் சுரம் ஒன்றாயிருப்பதில்லை என்பதை அகப்பாடல் அறிந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இவ்வாட்டம் தரும் பயன் யாது என்பதற்கும் மெய்ப்பாட்டியலிலேயே விடை உண்டு. இளிவரலின் களங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றைத் தொல்காப்பியம் கூறுகிறது. குருதியையும் சிதைந்த உடலையும் குவித்து அருவருப்பூட்டும் ஆட்டங்கள் பல. 2008இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' அவற்றுள் திறன் மிக்கது. 'சைலண்ட் ஹில் 2' ஆட்டத்திலோ இளிவரல் தொல்காப்பியர் கூறும் களத்திலேயே, பிணியிலேயே, தோன்றுகிறது. மனைவியின் நோயும் உருச்சிதைவும் அவளது சினமும் அவனுடைய சோர்வும் மருத்துவமனைக் காட்சிகளில் உருத்திரிந்து வருகின்றன. அவ்விளிவரலே கொலையாகி, கொலை இறையச்சமாகிறது. பெரும்பாலான முடிவுகளில் மேரியின் கடிதம் முழுமையாக வாசிக்கப்படும்போது அச்சம் இழவு பற்றிய அழுகையாக மாறுகிறது. அச்சமாகத் தோன்றிக்கொண்டிருந்தது தொடக்கத்திலிருந்தே அழுகைதான் என்பதை ஆடுபவர் அப்போது அறிகிறார். உயிர்பிழைத்தலால் வரும் நிறைவினும் இது வேறானது. இவ்வகையின் பெரும்பாலான ஆட்டங்கள் முன்னதோடு நின்றுவிடுகின்றன.

சார்ங்கலன் கதையும் பேயோடு முடிவதில்லை. அஞ்சி ஓடிவந்து தாயின் முன் அவன் உயிர்விடுகிறான். தாய் கோதமை பேயையும் காவல் தெய்வத்தையும் பழிக்கிறாள். அணங்கும் பேயும் உயிருண்பதில்லை; அவன் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவனுயிரை உண்டது எனச் சம்பாபதி விடை கூறுகிறாள். சாத்தனார் பேயைக் காட்டியது பேய் காரணமன்று என்று நிறுவுவதற்கே. காரணம் வினை என்பதில் இரு படைப்புகளும் ஒன்றுகின்றன. சார்ங்கலனின் வினை முற்பிறப்பினது, அவன் அறியாதது. ஜேம்ஸின் வினை இப்பிறப்பினது, அவன் மறந்தது.

இவ்வாட்டத்தின் முடிவு ஒன்றன்று. முதல் ஆட்டத்திலேயே எய்தக்கூடிய முடிவுகள் மூன்று. அவற்றுள் எது வாய்க்கும் என்பதை வெற்றி தோல்வி முடிவு செய்வதில்லை. காயமுற்றவுடன் மருந்திட்டுக்கொண்டாரா, காயத்தோடே நெடுநேரம் திரிந்தாரா, மனைவியின் படத்தை எடுத்துப் பார்த்தாரா, ஏஞ்சலா தந்த கத்தியை அடிக்கடி எடுத்து நோக்கினாரா என்பன போன்ற சிறு பழக்கங்களை ஆட்டம் ஓசையின்றிக் குறித்துக்கொள்கிறது. உயிரைப் பேணாதவராக நடந்துகொண்டவர்க்கு ஜேம்ஸ் ஏரியில் மூழ்கும் முடிவு வாய்க்கிறது. செயிற்றியத்தின் இருவர் இங்கு மீண்டும் தோன்றுகின்றனர். ஆனால் இடம் மாறியுள்ளனர். ஆடுபவரே உய்ப்போன். அவர் மெய்யில் தோன்றும் குறிப்புகளைக் கண்டுகொண்டிருப்பது ஆட்டம். கத்தியை எடுத்துப் பார்க்கும்போது தாம் காணப்படுவதை முதன்முறை ஆடுபவர் அறிவதில்லை.